மொட்டை மாடியில் ஒரு பம்பும் இடம் மாறி எழுதிய ஒரு வரியும்

நேற்று காலை 6.10-க்கு மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் பம்ப் தானாக ஓடியது, 90 விநாடி கழித்துத் தானாக நின்றது, அப்புறம் சாயங்காலம் வரை மூச்சு விடவில்லை. ஐந்து வாரமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். இந்த ஐந்து வாரத்தில் சென்சாரைச் சந்தேகப்பட்டேன், பம்பைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சான ரிலேயைச் சந்தேகப்பட்டேன், பம்பைக் கழற்றிப் பிரித்தே பார்த்தேன். கெட்டிருந்தது எதுவும் இல்லை. ஒரு வேரியபிளை (நிரல் ஒரு எண்ணைப் போட்டு வைக்கும் பெயரிட்ட பெட்டி) லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) உள்ளே எழுதுவதா வெளியே எழுதுவதா என்பதில் நான்கு முறை தப்பு செய்திருக்கிறேன், நான்கும் வேறு வேறு தப்பு. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேலை கணக்குப் பிரிவில். புரோகிராமிங் எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான், அதனால் இதைப் படிக்கும் கணினிக்காரர்கள் சில இடங்களில் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் சாமான். ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினிப் போர்டு மாதிரியே செய்த லோக்கல் போர்டு ₹420, மண் ஈரம் பார்க்கும் கப்பாசிட்டிவ் சென்சார் ₹95, ஒற்றை ரிலே ₹60, 12 வோல்ட் பம்ப் ₹340, 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் ₹190, 4 மி.மீ. சொட்டுநீர் டியூப் பத்து மீட்டர் ₹80. மொத்தம் ₹1,185. இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான சென்சார் வாங்காதீர்கள், ஈர மண்ணில் மின்சாரம் ஓடி ஓடி அந்தக் கம்பி அரித்துப் போய்விடும். கப்பாசிட்டிவ் சென்சாரிலும் மேல் பாதியில் இருக்கும் சில்லுகளுக்குத் தண்ணீர் ஆகாது. அம்மாவின் நகப்பாலிஷை இரண்டு பூச்சு பூசினேன், இதுவரை தாங்குகிறது.

அளவும் எடுத்து வைத்தேன். சென்சாரைச் சும்மா காற்றில் பிடித்தால் 585, டம்ளர் தண்ணீரில் கோடு வரை முக்கினால் 290. இந்த வகையில் காய்ந்தால் எண் ஏறும், நனைந்தால் இறங்கும், முதல் நாள் இதையே தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். நேற்றுத் தண்ணீர் விட்ட கத்தரித் தொட்டியில் 430 வந்தது, செடி லேசாகத் துவளும்போது 480-ஐத் தாண்டியது. சரி, 480-க்கு மேல் போனால் வறட்சி என்று வைத்துக்கொண்டேன். பம்பை வாளியில் விட்டு அளந்தேன்: ஒரு லிட்டருக்கு 20 விநாடி. 90 விநாடி ஓடினால் நாலரை லிட்டர், நான்கு தொட்டிக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல்.

சென்சார் எண் அவ்வப்போது துள்ளும். ஒரே ஒரு முறை 480-ஐத் தாண்டியதும் பம்பைப் போட்டுவிடக் கூடாது, தொடர்ந்து பத்து முறை தாண்டினால் மட்டும் போட வேண்டும் என்று நினைத்தேன். அதனால் 'வறட்சி எண்ணிக்கை' என்று ஒரு வேரியபிள். (நிரலில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, இங்கே தமிழில் சொல்கிறேன்.) ஆர்டுயினோ நிரலில் செட்அப் என்று ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்த ஒரு கட்டு வரிகள்) ஒரு தடவை ஓடும், லூப் என்று ஒன்று திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். அந்த லூப்பின் முதல் வரியாக 'இன்ட் வறட்சி எண்ணிக்கை = 0' என்று எழுதினேன், இன்ட் என்றால் முழு எண். கீழே, எண் 480-க்கு மேல் இருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, பத்து ஆனால் பம்பைப் போடு.

பம்ப் ஓடவில்லை. சென்சாரை மண்ணிலிருந்து உருவி வெயிலில் வைத்தேன், அப்போதும் ஓடவில்லை.

இங்கே எனக்கு ஒரு வாரம் போனது. முதலில் ரிலேயின் உள்ளீட்டுக் காலை ஜம்பர் வயரால் கிரவுண்டில் தொட்டேன், டிக் என்றது, பம்ப் பீய்ச்சியது. ரிலே நல்லது. அப்படியானால் சென்சார் என்று முடிவுகட்டி இன்னொரு சென்சார், அதே ₹95. அதிலும் ஓடவில்லை. எண் துள்ளுவதால் இருக்குமோ என்று சென்சாரின் வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோ ஃபாரட் கப்பாசிட்டர் பற்றவைத்தேன். ஐந்து கப்பாசிட்டர் ₹10, அதில் இரண்டைச் சால்டரிங் அயர்னால் நானே கருக்கினேன். கடைசியாகத்தான், அதுவும் வேறு வழி தெரியாமல், எண்ணிக்கையைச் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதை லேப்டாப்பில் காட்டும் ஜன்னல்) அச்சிட்டுப் பார்த்தேன்: 1, 1, 1, 1, 1. திரை முழுக்க ஒன்று.

லூப் என்ற பெயரே என்னை ஏமாற்றியிருக்கிறது. ஒரே ஆள் ஒரே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருகிறான் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு ஃபங்ஷன், நம் கண்ணில் படாத இடத்தில் ஒரு முடிவில்லாத ஃபார் லூப் அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் உள்ளே எழுதிய வேரியபிள் புதிதாகப் பிறக்கிறது, பூச்சியத்தில் தொடங்குகிறது, ஒன்றாகிறது, மூடும் நெளிவு அடைப்புக்குறியைத் தொட்டதும் போய்விடுகிறது. தினமும் காலையில் புது நோட்டு வாங்கி ஒரு வரி எழுதி இரவே கிழித்துப் போடும் கணக்கர் மாதிரி. எங்கள் ஆபீஸில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும்.

வரியை வெட்டி லூப்புக்கு மேலே, எல்லா அடைப்புக்குறிக்கும் வெளியே ஒட்டினேன், அதாவது குளோபல் ஆக்கினேன். 1, 2, 3 என்று ஏறியது, பத்தில் பம்ப் ஓடியது. சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன்: இருந்த எல்லா வேரியபிளையும் குளோபல் ஆக்கிவிட்டேன். இனி எதுவும் தொலையாது பாருங்கள் என்று.

இரண்டாவது தப்பு அங்கே ஆரம்பித்தது. துள்ளலைக் குறைக்க, நிமிடத்துக்கு ஒரு முறை 20 அளவு எடுத்துச் சராசரி போடலாம் என்று சேர்த்தேன். ஃபார் லூப் 20 தடவை சுற்றும், ஒவ்வொரு அளவும் 'கூட்டுத்தொகை'யில் சேரும், முடிவில் 20-ஆல் வகுக்க வேண்டியது. சராசரி வந்துவிட்டதால் பத்து முறை காத்திருக்க வேண்டாம், இரண்டு முறை போதும் என்றும் குறைத்தேன். கூட்டுத்தொகை, வழக்கம்போல, குளோபல்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கீழே காபி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா மாடியிலிருந்து சத்தம் போட்டார்: "இப்பத்தானே தண்ணி விட்ட, மறுபடி எதுக்குடா ஓடுது?" போய்ப் பார்த்தால் தொட்டிகளின் அடியிலிருந்து செம்மண் கரைந்து ஓடுகிறது. அரை மணி நேரத்தில் மூன்று முறை ஓடியிருக்கிறது. ஒரு தொட்டிக்கு மூன்று லிட்டருக்கு மேல்.

இந்த முறை புத்தி வந்து, கடைக்குப் போகாமல் சராசரியை அச்சிட்டேன். பம்பைப் பிடுங்கிவிட்டு ரீசெட் அழுத்தினேன். முதல் நிமிடம் 430. இரண்டாவது நிமிடம் 860. மூன்றாவது 1290. நான்காவது −1556.

இந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி இன்னும் வைத்திருக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஊனோ போர்டின் அனலாக் கால் தரும் எண் 0 முதல் 1023 வரைதான், ஆகவே சராசரி 1290 வர வழியே இல்லை. வந்திருக்கிறது என்றால் பழைய கூட்டுத்தொகை அழியாமல் அதன் மேலேயே புதியது ஏறுகிறது. 430-ஐ 20-ஆல் பெருக்கினால் 8,600, அடுத்து 17,200, அடுத்து 25,800, அடுத்தது 34,400 ஆக வேண்டும். ஆனால் ஊனோவில் இன்ட் என்பது இரண்டு பைட், 32,767-க்கு மேல் கொள்ளாது, அதைத் தாண்டியதும் சுற்றிப்போய் மைனஸுக்குள் விழுந்து −31,136 ஆகிவிட்டது. 20-ஆல் வகுத்தால் −1556. பூச்சியத்தைவிடக் கீழே என்றால் என் நிரலுக்கு நல்ல ஈரம், பம்ப் தேவையில்லை. மைனஸிலிருந்து மெதுவாக ஏறி மறுபடி 480-ஐத் தாண்டும்போது மறுபடி வறட்சி. மண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் பத்துப் பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை பம்ப் ஓடியதன் காரணம் இதுதான். முதல் தப்பில் வேரியபிள் சாகக் கூடாத இடத்தில் செத்தது, இதில் சாக வேண்டிய நேரத்தில் சாகவில்லை.

சரி செய்கிறேன் என்று உட்கார்ந்து மூன்றாவது தப்பைச் செய்தேன். செடிக்குப் பெரிய சேதம் செய்தது இதுதான், ஒரே ஒரு அடைப்புக்குறி வித்தியாசம். கூட்டுத்தொகை ஒவ்வொரு சுற்றுக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதானே என்று 'இன்ட் கூட்டுத்தொகை = 0' என்று எழுதினேன். எழுதிய இடம் ஃபார் லூப்புக்கு உள்ளே. மேலே இருந்த பழைய குளோபல் வரியை அழிக்கவும் இல்லை.

இப்போது ஒரே பெயரில் இரண்டு வேரியபிள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைத்துவிடும். 20 அளவுகளும் உள்ளே இருக்கும் குட்டிக் கூட்டுத்தொகையில் விழுந்து, ஒவ்வொன்றும் அந்தந்தச் சுற்றின் முடிவிலேயே காணாமல் போயின. லூப் முடிந்து வெளியே வந்து வகுக்கும் வரி மட்டும் குளோபல் கூட்டுத்தொகையைப் பார்க்கிறது, அதில் எப்போதும் பூச்சியம். சராசரி பூச்சியம் என்றால் மாடியில் வெள்ளம் என்று அர்த்தம், பம்ப் ஓடவே ஓடாது. கம்பைலர் (நிரலைப் போர்டுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் விதிப்படி எல்லாம் சரி. பழைய குளோபல் வரியை அழித்திருந்தால் வகுக்கும் வரியில் 'இந்த ஸ்கோப்பில் இப்படி ஒரு பெயர் இல்லை' என்று அங்கேயே பிழை காட்டியிருக்கும், இரண்டு நிமிட வேலை. இருக்கட்டும் என்று விட்டுவைத்த ஒரு வரி அந்தப் பிழையின் வாயை அடைத்துவிட்டது.

சோதித்தேனா? இல்லை. மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது, பம்ப் ஓடாதது சரியாகத்தான் தெரிந்தது. வாரக் கடைசியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருச்சி போய் இரண்டு பகல் இருந்துவிட்டு வந்தேன், சித்திரை வெயில். கத்தரி துவண்டிருந்தது, தண்ணீர் ஊற்றியதும் ராத்திரிக்குள் நிமிர்ந்துவிட்டது. மிளகாய் பூ முழுவதையும் உதிர்த்திருந்தது. புதினா போயே போய்விட்டது.

அதற்குப் பிறகு நிரலைப் பழுது பார்க்காமல் ஒரு வெள்ளைத் தாளில் வேரியபிள் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போது பிறக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்று எழுதினேன். ஒரு தனி அளவு: ஃபார் லூப்பின் ஒரு சுற்றுக்குள் பிறந்து அங்கேயே போகலாம், அதனால் உள்ளே. கூட்டுத்தொகை: ஒரு நிமிடத்துக்கான 20 அளவு முடியும் வரை இருக்க வேண்டும், அடுத்த நிமிடம் புதிதாக வேண்டும், அதனால் லூப் ஃபங்ஷனுக்கு உள்ளே, ஆனால் ஃபார் லூப்புக்கு முந்திய வரியில். வறட்சி எண்ணிக்கை: கரன்ட் இருக்கும் வரை இருக்க வேண்டும். இதை மட்டும் குளோபலில் விடாமல் லூப் ஃபங்ஷனுக்குள்ளேயே ஸ்டாட்டிக் என்ற சொல்லை முன்னால் போட்டு எழுதினேன். ஸ்டாட்டிக் போட்டால் '= 0' என்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும், மதிப்பு அடுத்த சுற்றுக்கும் தங்கும், ஆனால் அந்தப் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது, வேறு இடத்திலிருந்து தெரியாமல் கை வைக்க முடியாது. கூட்டுத்தொகையை இன்ட்டிலிருந்து, அதைவிடப் பெரிய எண் கொள்ளும் லாங் ஆகவும் மாற்றினேன். 20 அளவும் 1023 வந்தால்கூட 20,460தான், இன்ட்டே போதும், ஆனாலும் சூடு கண்ட பூனை.

சோதனைக்கு ₹15-க்கு ஒரு 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் வாங்கி, சென்சார் இருந்த இடத்தில் பிரெட்போர்டில் செருகினேன். குமிழைத் திருப்பினால் மண் காய்கிறது, எதிர்ப்பக்கம் திருப்பினால் நனைகிறது. பம்புக்குப் பதில் போர்டில் இருக்கும் எல்இடி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் மூன்று நாள் வானிலையையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதல் நாளே இதைச் செய்திருந்தால் புதினா பிழைத்திருக்கும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மற்ற மூன்று வரிசைத் தொட்டிகளுக்குச் சென்சார் வேண்டாம், ஃபோனில் பட்டன் இருந்தால் போதும் என்று ஆசை வந்தது. வைஃபை உள்ள நோட்எம்சியு போர்டு ₹310, நான்கு சேனல் ரிலே ₹170, குட்டி பம்ப் மூன்று ₹255, 5 வோல்ட் அடாப்டர் ₹220. நோட்எம்சியு 3.3 வோல்ட்டில் பேசும், ரிலே போர்டு 5 வோல்ட்டுக்கானது. அதனால் ரிலே போர்டில் இருக்கும் ஜம்பரைக் கழற்றி, சிக்னல் பக்கத்துக்கு 3.3, ரிலே காயிலுக்கு 5 என்று தனித்தனியாகக் கொடுத்தேன். டி3, டி4, டி8 கால்களில் ரிலேயை மாட்ட வேண்டாம், போர்டு எழும்போது அந்தக் கால்களுக்கு வேறு வேலை இருக்கிறது. டி1, டி2, டி5, டி6 எடுத்துக்கொண்டேன். மூன்று சேனலில் மூன்று பம்ப், நான்காவது காலி.

ஃபோனில் திறக்கும் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். ஒரு ஃபார் லூப் 1 முதல் 3 வரை சுற்றி ஒவ்வொரு பட்டனிடமும், உன்னை அழுத்தினால் 'ஐ' எண் ரிலேயைப் போடு என்று சொல்லிவைக்கும். 'ஐ'யை வார் என்ற சொல்லை முன்னால் போட்டு அறிவித்திருந்தேன், பழைய பாடம் ஒன்றில் அப்படித்தான் இருந்தது.

முதல் பட்டனை அழுத்தினேன். டிக். தண்ணீர் இல்லை. இரண்டாவது. டிக். தண்ணீர் இல்லை. மூன்றாவதும் அதேதான். ரிலே சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை, அப்படியானால் பம்ப் என்று மறுபடி அதே குழியில் விழுந்து ₹85-க்கு இன்னொரு குட்டி பம்ப் வாங்கி வந்தேன். அதை மாட்டும்போது இருட்டிவிட்டது, அதுதான் நல்லதாகப் போயிற்று. எந்தப் பட்டனை அழுத்தினாலும் ரிலே போர்டில் ஒரே ஒரு சிவப்பு எல்இடிதான் எரிகிறது: நான்காவது. ஒன்றும் மாட்டாத சேனல்.

இந்தத் தடவை தாள் எடுத்து யோசிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. வார் போட்டால் அந்த வேரியபிளுக்கு லூப்பின் அடைப்புக்குறி ஒரு வேலியே இல்லை. மூன்று பட்டனுக்கும் பொதுவாக ஒரே ஒரு 'ஐ'. பட்டன்கள் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவில்லை, அழுத்தும் நேரத்தில் போய் 'ஐ' இப்போது எவ்வளவு என்று பார்க்கின்றன. லூப் 3-ஐத் தாண்டினால்தானே நிற்கும், நின்றபோது 'ஐ' 4. வார் என்பதை லெட் என்று மாற்றினேன், மூன்று எழுத்து போய் மூன்று எழுத்து. லெட் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி 'ஐ' கிடைக்கும். 2015-இல் ஜாவாஸ்கிரிப்டுக்குள் வந்த வசதி. இதில் விழுந்தது நான் மட்டும் இல்லை என்று அப்புறம் தெரிந்தது: கோ என்ற நிரல் மொழியில் இதே தொல்லை வருடக்கணக்கில் இருந்து, 2024-இல் வந்த 1.22 பதிப்பில்தான் சுற்றுக்கு ஒரு புது வேரியபிள் என்று மாற்றினார்கள். சி ஷார்ப் மொழியிலும் ஃபார்ஈச் என்ற லூப்புக்கு இதே மாற்றத்தை ஒரு பதிப்பில் செய்திருக்கிறார்கள்.

பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு சின்னக் கூத்து. ஒரு வார அளவுகளை லேப்டாப்பில் சேமித்து வரைபடம் போடப் பார்த்தேன், திரையில் ஒரே ஒரு புள்ளி. பட்டியலில் சேர்க்கும் வரியை உள்தள்ளாமல் விட்டிருந்தேன், அது லூப்புக்கு வெளியே போய்விட்டது. பைத்தானில் லூப் முடிந்தாலும் அதன் வேரியபிள் கடைசி மதிப்போடு உயிரோடுதான் இருக்கும், அதனால் பிழை எதுவும் காட்டாமல் கடைசி அளவை மட்டும் பவ்யமாகச் சேர்த்துவிட்டது. இதில் செலவு இல்லை, அதனால் தப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.

மொத்தச் செலவு ₹2,345. அதில் தேவையில்லாமல் போனது சென்சார் 95, கப்பாசிட்டர் 10, பம்ப் 85, ஆக ₹190, அதோடு ஒரு தொட்டி புதினா. இன்னொரு முறை செய்தால் முதல் நாளே பொட்டென்ஷியோமீட்டர், எதையும் கழற்றுவதற்கு முன்னால் அச்சிட்டுப் பார்ப்பது, குளோபலில் போர்டின் கால் எண்களைத் தவிர எதையும் விடாதது. நிரல் எழுதும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ-யின் அமைப்புகளில் கம்பைலர் எச்சரிக்கைகளை முழுதாகத் திறந்துவிட்டேன், ஆனால் அதில்கூட ஒரே பெயரில் இரண்டு வேரியபிள் இருப்பதைச் சொல்லாது, அதற்கு டபிள்யூ ஷேடோ என்று தனி எச்சரிக்கை இருக்கிறது, அதை எங்கே சேர்ப்பது என்று இந்த வாரம் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய குட்டி பம்பை நான்காவது சேனலில் மாட்டிவிட்டேன். புது புதினாக் குச்சி நட்டிருக்கிறேன், அந்தத் தொட்டிக்குப் பட்டன் வேண்டாம், கையால்தான் ஊற்றுவேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.